கஞ்ஞி என்று சொன்ன வாய்

(குலசேகரத்தில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முன்வரிசையில் மாணவர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். பின்வரிசையில் உங்கள் பாட்டாமாரும் பாட்டிமாரும். நான் பேச வந்த பொருள் இந்த இரண்டு வரிசைக்கும் நடுவில் கிடக்கிறது. ஒரே வீட்டில், ஒரே பானையிலிருந்து குடிக்கிறீர்கள். பானைக்குள் இருப்பதை மட்டும் இரண்டு விதமாகச் சொல்கிறீர்கள். பின்வரிசைக்கு அது கஞ்ஞி. முன்வரிசைக்குக் கஞ்சி.

இந்த ஒரு எழுத்து வித்தியாசத்தை நான் எனது ஆறாம் வகுப்பில் அறிந்தேன். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று வாத்தியார் கேட்டார். எழுந்து நின்று ‘கஞ்ஞி சார்’ என்றேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. வாத்தியார் கரும்பலகையில் ‘கஞ்சி’ என்று எழுதி, இருபது தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். இருபதாவது தடவை சொல்லி முடித்தபோது எனக்கு ஏதோ படி ஏறியதுபோல் இருந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அம்மை திண்ணையில் இருந்துகொண்டு, ‘மக்கா, கஞ்ஞி குடிக்கியா?’ என்று கேட்டாள். ‘கஞ்ஞி இல்ல, கஞ்சி’ என்று திருத்தினேன். அம்மை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு என்னிடம் பேசும்போது அந்தச் சொல்லையே அவள் விட்டுவிட்டாள். ‘வல்லதும் குடிக்கியா?’ என்றுதான் கேட்பாள். அவள் சாகும்வரைக்கும் அப்படித்தான் கேட்டாள்.

பிறகு நான் கல்லூரியில் தமிழ் படித்தேன், தமிழ் சொல்லிக்கொடுத்தேன். அம்மையின் வாயில் என்ன இருந்தது என்பது மெல்ல மெல்லத்தான் விளங்கியது. இன்றைக்கு அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் ஒலியைப் பார்ப்போம். ‘கஞ்சி’ என்னும்போது மூக்கொலிக்குப் பிறகு நாக்கு அண்ணத்தில் முட்டி, காற்றை அடைத்து, விடுகிறது. ‘கஞ்ஞி’ என்னும்போது அந்த முட்டல் கரைந்துபோய், மூக்கொலியே நீண்டு இரட்டிக்கிறது. தேங்காய் ‘தேங்ஙா’ ஆவதும், மாங்காய் ‘மாங்ஙா’ ஆவதும், வந்து என்பது ‘வந்நு’ ஆவதும் இதே வழியில்தான். தமிழிலிருந்து மலையாளம் தனிவழி பிரிந்த கதையில் முதன்மையான அடையாளங்களில் ஒன்று இந்த மாற்றம். எல்லையோரம் இரண்டு மொழியும் புழங்கும் நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதிகளில் அது தமிழ்ப் பேச்சுக்குள்ளும் ஊறிக் கிடக்கிறது. ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். முதல் வகுப்பில் ங, ஙா, ஙி, ஙீ என்று அந்த வரிசை முழுவதையும் மனப்பாடம் செய்கிறோம். அதன் பிறகு ‘ங்’ ஒன்றைத் தவிர மற்றவற்றை வாழ்நாளில் தொடுவது அரிது. மார்த்தாண்டம் சந்தையில் தேங்ஙா விற்கிற கிழவி மட்டும் அந்த ‘ஙா’வை நாளெல்லாம் உச்சரித்துக்கொண்டிருக்கிறாள். நெடுங்கணக்கில் நாம் ஏட்டோடு விட்டுவிட்ட எழுத்துக்கு அவள் வாயில் உயிர் இருக்கிறது.

இப்போது பஸ் ஏறி மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலைக்குப் போங்கள். அங்கே ‘கஞ்ஞி’தான் பாடப்புத்தகத்தில் அச்சாகியிருக்கும். பேராசிரியர் சொல்வதும் அதுதான், அமைச்சர் சொல்வதும் அதுதான். இந்தப் பக்கம் பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்தும் ஒலி, அந்தப் பக்கம் மேடையேறி மாலை வாங்குகிறது. நாக்கும் அதே நாக்கு, காற்றும் அதே காற்று. நடுவில் இருப்பது ஒரு சோதனைச் சாவடி. அந்தச் சாவடியும் மாநில எல்லை பிரிந்த 1956 நவம்பர் 1-க்குப் பிறகு வந்தது. ஒலிக்கென்று தனியாக உயர்வோ தாழ்வோ கிடையாது, அதைச் சொல்லும் ஆளின் நிலையே ஒலிக்கு விலை வைக்கிறது என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் சான்று தேட வேண்டியதில்லை.

கொஞ்சம் தொலைவிலும் ஒன்றைக் காட்டுகிறேன். ஸ்பெயின் நாட்டுத் தலைநகர் மாட்ரிட்டில் ‘காசா’ என்றால் வீடு. நாக்கின் நுனியைப் பல்லிடுக்கில் வைத்துக் ‘காதா’ போல ஊதிச் சொன்னால் வேட்டை. இரண்டும் தனித்தனி ஒலிகள், அதுதான் அங்கே செந்தரம். தெற்கே ஆண்டலூசியாவுக்கு இறங்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். செவில் நகரத்தார் வீட்டையும் வேட்டையையும் ‘காசா’ என்றே சொல்வார்கள். அதை யாரும் குறைவாக நினைப்பதில்லை. பல கடற்கரை ஊர்களிலும் பண்ணைக் கிராமங்களிலும் இரண்டையும் பல்லிடுக்கு ஒலியிலேயே சொல்வார்கள். அவர்களைப் பார்த்து நாட்டுப்புறம் என்று நகரம் சிரிக்கும். யோசித்துப் பாருங்கள், அந்தப் பல்லிடுக்கு ஒலி மாட்ரிட்டில் அரசவை ஒலி! அதே ஒலி மீனவன் வாயில் வந்தால் கேலிக்கு ஆளாகிறது. நமது களியக்காவிளை அங்கேயும் இருக்கிறது. இதே ஆண்டலூசியாவில் உள்ள கிரானடா நகரின் பேச்சை 1990-களில் ஆய்ந்தபோது, தெற்கத்தி வழக்கை விட்டு மாட்ரிட்டைப் போல இரண்டொலியையும் பிரித்துச் சொல்வதில் இளையவர்களும் படித்தவர்களும் பெண்களும் முன்னே நின்றார்கள். வயதும் படிப்பும் சேர்ந்து ஒரு நாக்கை எந்தத் திசையில் தள்ளும் என்பதை அங்கே அட்டவணை போட்டுப் பார்த்தார்கள். நாம் வீட்டுத் திண்ணையில் பார்க்கிறோம்.

இந்த வகை ஆய்வுக்கு வழி திறந்தவர் வில்லியம் லபோவ் என்ற அமெரிக்கர். 1962 நவம்பரில் நியூயார்க்கில் மூன்று பெரிய கடைகளுக்குப் போனார். ஒன்று செல்வந்தர்களின் சாக்ஸ், ஒன்று நடுத்தரக்காரர்களின் மேசீஸ், மூன்றாவது மலிவு விலைக் கிளைன். நான்காம் மாடியில் விற்கும் பொருள் எது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, அது எங்கே கிடைக்கும் என்று விற்பனையாளர்களிடம் கேட்டார். ‘போர்த் ப்ளோர்’ என்று பதில் வரும். காதில் விழாததுபோல் நடித்து மறுபடி கேட்பார். இரண்டாம் முறை அவர்கள் அழுத்தித் திருத்தமாகச் சொல்வார்கள். அந்த இரண்டு சொல்லிலும் ‘ர்’ ஒலிக்கிறதா, விழுங்கப்படுகிறதா என்பதை ஒதுங்கி நின்று குறித்துக்கொண்டார். மொத்தம் 264 பேர். முழுவதுமோ ஓரளவோ ‘ர்’ ஒலித்தவர்கள் சாக்ஸில் 62 விழுக்காடு, மேசீஸில் 51, கிளைனில் 20. இதில் என் மனதைப் பிடித்தது ஒன்று உண்டு. அந்த விற்பனையாளர்கள் யாரும் பணக்காரர்கள் அல்லர், பணக்காரர்களுக்குப் பொருள் எடுத்துக் கொடுக்கிறவர்கள். வாங்க வந்தவரின் வாய், விற்கிறவரின் வாய்க்குள் குடியேறியிருந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் ‘ர்’ ஒலித்தால் மதிப்பு. லண்டனிலோ அதே இடத்தில் ‘ர்’ விழுங்கினால்தான் மதிப்பு.

நமது சந்தை ரோட்டில் ரப்பர் ஷீட் எடுக்கும் கடைக்காரரைக் காலை ஏழு மணிக்குப் பாருங்கள். பால்வெட்டுக்காரர் ஒட்டுபாலைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து இறக்குகிறார். ‘எனக்க கணக்க இன்னைக்குத் தீத்துத் தாரும்’ என்கிறார் அவர். ‘ஒமக்க கணக்கு எங்கவே ஓடிப்போவுது’ என்கிறார் கடைக்காரர். பதினொரு மணிக்கு அதே கடைக்காரர் வங்கியில் உட்கார்ந்து ‘என்னோட அக்கவுண்ட்ல பார்த்துச் சொல்லுங்க’ என்கிறார். ‘எனக்க’ எங்கே போயிற்று? அவர் நடிக்கவில்லை. நாக்கு ஆளைப் பார்த்துக் கணக்குப் போடுகிறது. பால்வெட்டுக்காரருக்கு அந்த இரண்டாவது நாக்கு வாய்க்கவில்லை, அவரை யாரும் வங்கி மேலாளர் அறையில் உட்காரவைத்ததில்லை என்பதால். வர்க்கம் என்று நான் சொல்வது இதைத்தான். கையில் எவ்வளவு பணம் என்பது அதில் ஒரு பாதி. ஒருவருக்கு எத்தனை விதமான நாற்காலிகளில் உட்கார அனுமதி கிடைத்திருக்கிறது என்பது மறுபாதி. மேல்தட்டுக்காரருக்குப் பல உச்சரிப்புகள் கைவசம் இருக்கின்றன, அடித்தட்டுக்காரர் ஒன்றை வைத்துக்கொண்டு எல்லா இடத்துக்கும் போக வேண்டியிருக்கிறது.

தமிழைப் பொறுத்தவரை வர்க்கத்தைத் தனியாகப் பிரித்துப் பேச முடியாது. பிரெஞ்சு அறிஞர் ஜூல்ஸ் பிளாக் 1910-லேயே தமிழில் சாதியும் பேச்சு வழக்கும் பின்னிக் கிடப்பதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். ஏ.கே. ராமானுஜனும் வில்லியம் பிரைட்டும் 1964-ல் பிராமணர் பேச்சும் மற்றவர் பேச்சும் வேறுவேறு வழிகளில் மாறுவதை ஆராய்ந்தார்கள். நம் மாவட்டத்தில் வடசேரியில் பிறந்த வ.ஐ. சுப்பிரமணியம், பின்னாளில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானவர், கேரளப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது மலையாளத்துக்கு ஒரு பேச்சு வழக்கு அளவாய்வு நடத்தினார். 1974-ல் வந்த அதன் தொகுதி ஈழவர், தீயர் பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டது. ஊர்வாரியாக அளந்தால் போதாது, ஒரே ஊருக்குள் சாதிவாரியாகவும் அளக்க வேண்டும் என்று அவர் கண்டிருந்தார். ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் நடுவில் மொழி எல்லைக்கோடு ஓடிய நாடு இது.

அந்தக் கோடு எப்படிப்பட்டது என்று இளைய தலைமுறைக்குத் தெரிய வேண்டும். தென்திருவிதாங்கூரில் பணிபுரிந்த லண்டன் மிஷன் பாதிரியார் சாமுவேல் மேட்டீர் 1871-ல் திருவிதாங்கூரைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அடிமைச் சாதியார் மேல்சாதிக்காரர் முன்னிலையில் எப்படிப் பேச வேண்டியிருந்தது என்று அதில் பதிவு செய்திருக்கிறார். ‘நான்’ என்று சொல்லக் கூடாது, அடியேன் என்றே சொல்ல வேண்டும். தன் பிள்ளைகளைப் பிள்ளைகள் என்று சொல்லக் கூடாது, குரங்கு என்றோ கன்று என்றோ சொல்ல வேண்டும். தான் உண்பதைச் சோறு என்று சொல்லக் கூடாது, கரிக்காடி என்று சொல்ல வேண்டும். கரிக்காடி என்றால் அழுக்குக் கஞ்சி. இத்தனையையும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சொல்ல வேண்டும், மூச்சுக்காற்று பட்டால் எதிரில் நிற்பவர் தீட்டாகிவிடுவார் என்று. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-ல். தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்ற பிரகடனம் வந்தது 1859-ல். இந்தப் பின்வரிசையில் இருக்கும் பெரியவர்களின் பூட்டன், பூட்டியர் காலம். அதிகத் தலைமுறைகள் போய்விடவில்லை.

அப்படி வாயைப் பொத்தி நின்றவர்களின் வழிவந்தவர்கள் வாயிலிருந்து கையை எடுத்தார்கள். எடுத்த வாயால், தங்களுக்குள், தங்கள் அடுக்களையில், தங்கள் கஞ்சியைத் தங்கள் ஒலியில் கஞ்ஞி என்று சொன்னார்கள். நூறு வருஷம் கழித்து ஒரு பள்ளிக்கூடப் பையன் அந்தச் சொல்லைத் திருத்தினான் என்றால், அவன் தன் அம்மையின் வாயில் மறுபடி கையை வைத்தான் என்றுதான் அர்த்தம். நான் அதைச் செய்தேன். இதை மேடையில் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று.

இனி வயதுக்கு வருகிறேன்.

இங்கே எண்பதைத் தாண்டியவர்கள் இருக்கிறீர்கள். நீங்கள் பள்ளிக்குப் போன காலம் திருவிதாங்கூர், திரு-கொச்சி ஆட்சி. உங்களில் பலருக்கு முதலில் எழுதக் கற்றுக்கொடுத்தது மலையாள எழுத்து. இன்றும் உங்கள் வீட்டுப் பத்திரப்பெட்டியைத் திறந்தால் பழைய ஆதாரம் மலையாளத்தில் இருக்கும், பேரப்பிள்ளைக்கு அதை வாசிக்கத் தெரியாது. தமிழ்நாட்டோடு சேரக் கேட்டுப் போராடியவர்கள்மீது 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்ததை நினைவில் வைத்திருப்பவர்கள் நீங்கள். உங்களுக்குத் தமிழ் என்பது உயிரைக் கொடுத்து வாங்கிய ஒன்று, பேச்சில் மலையாள வாடை இருந்தாலும். அடுத்த தலைமுறை, அதாவது என் தலைமுறை, தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் திருத்தப்பட்ட தலைமுறை. மூன்றாவது தலைமுறை தொலைக்காட்சியிலும் இங்கிலீஷ் மீடியத்திலும் வளர்ந்தது. அதற்குச் சென்னைப் பேச்சு, சினிமாப் பேச்சு எல்லாம் கைவசம். ஒரே வீட்டில் மூன்று அரசியல் காலங்கள் உட்கார்ந்து கஞ்சி குடிக்கின்றன.

அப்படியென்றால் பாட்டியோடு கஞ்ஞி போய்விடும் என்று முடிவுகட்டலாமா? அவசரப்படக் கூடாது. வயது இரண்டு விதமாக வேலை செய்யும். ஒரு தலைமுறை கற்ற ஒலியை முதுமை வரைக்கும் கொண்டுபோகலாம், அப்போது வயதுவாரியான வித்தியாசம் மொழி மாறிவருவதைக் காட்டும். இளமையில் ஒரு மாதிரியும், வேலை, குடும்பம், பொறுப்பு என்று வந்தபின் வேறு மாதிரியும் ஒரே ஆள் பேசலாம், அப்போது மொழி மாறவில்லை, ஆள்தான் மாறுகிறார். இரண்டையும் பிரித்தறிய ஒரே வழி, காத்திருந்து மறுபடி போய்ப் பார்ப்பது. ஹென்ரியெட்டா செடர்கிரென் என்ற மொழியியலாளர் அதைச் செய்தார். பனாமா நகரத்து ஸ்பானிஷில் ‘ச்ச’ ஒலி ‘ஷ’வாக இளகுவதைப் பற்றி 1973-ல் ஆய்வேடு எழுதினார். இளையவர்களிடம் அது மிகுந்திருந்தது. சுமார் பத்தாண்டு கழித்துத் திரும்பிப் போனார். அப்போதும் இளையவர்களிடமே மிகுந்திருந்தது, ஆனால் அவர்கள் புதிய இளையவர்கள். முன்பு உச்சத்தில் இருந்தவர்கள் வயது ஏற ஏற அடங்கிப்போயிருந்தார்கள். மாற்றமும் உண்டு, வயதுக்குரிய வழக்கமும் உண்டு, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தன.

இதை நான் நமது பையன்களிடம் பார்க்கிறேன். பேச்சிப்பாறை ரோட்டில் பைக்கை நிறுத்திவிட்டு நிற்கும் கல்லூரிப் பையன்களின் பேச்சைக் கேளுங்கள். ‘லேய்’, ‘மக்கா’, ‘எளவு’ எல்லாம் அவர்களுடைய பாட்டாவின் வாயில் வந்ததைவிட அழுத்தமாக வரும். நேர்காணலுக்குக் கோயம்புத்தூர் போகும்போது அதை மடித்துப் பையில் வைத்துவிடுவார்கள். வேலை கிடைத்து ஐந்து வருஷம் கழித்து வரும்போது அந்த மடிப்புக் கலையாமலே இருக்கும். அறுபது வயதில் ஓய்வுபெற்று வீடுகட்டி வந்து உட்கார்ந்தவர்களிடம் அது மறுபடி விரிந்துவிடுகிறது. என்னிடமே விரிந்துவிட்டது.

பெண்பிள்ளைகளின் கதை வேறு. வீட்டில் பேச்சைத் திருத்திக்கொள்ளும்படி முதலில் நெருக்கப்படுவது அவர்கள்தான். கட்டிக்கொடுக்கும் இடத்தில் பேச்சு கேட்கப்படும் என்று தாய்க்குக் கவலை. அப்படித் திருத்தப்பட்ட பெண் நர்சிங் படித்துவிட்டு வளைகுடாவுக்குப் போகிறாள். அங்கே அவளோடு விடுதி அறையில் இருப்பவர்கள் கோட்டயத்துக்காரியும் கொல்லத்துக்காரியும். ராத்திரி அடுப்பில் இருப்பது என்னவென்று அவர்கள் கேட்கும்போது, பள்ளிக்கூடம் பிடுங்கி எறிந்த அந்தச் சொல் அவளுக்குத் துணைக்கு வருகிறது.

லபோவ் செய்த முதல் ஆய்வைப் பற்றிச் சொல்லாமல் வயதைப் பற்றிய பேச்சைக் கடக்க முடியாது. மார்த்தாஸ் வினியார்ட் என்று அமெரிக்காவில் ஒரு சின்னத் தீவு. 1961-ல் அங்கே 69 பேரின் பேச்சைப் பதிவுசெய்தார். கோடையில் வெளியூர்ப் பணக்காரர்கள் வந்து குவியும் இடம் அது. தீவின் பழைய உச்சரிப்பு ஒன்று தேய்ந்துவந்தது. ஆனால் அது கிழவர்களிடம் மிகுதியாக இல்லை. முப்பதிலிருந்து நாற்பத்தைந்து வயதுக்குள் இருந்தவர்களிடம், அதிலும் மீனவர்களிடம் மிகுந்திருந்தது. வெளியே போய்ப் பார்த்துவிட்டோ, போக வழியிருந்தும் போகாமலோ, இங்கேயே வாழ்வது என்று தீர்மானித்தவர்கள் அவர்கள். தீவைப் பிடித்துக்கொள்வதற்கு ஒலியைப் பிடித்துக்கொண்டார்கள். குலசேகரத்திலும் அப்படி ஆட்களை நான் அறிவேன். பொறியியல் படித்துவிட்டு, பெங்களூரில் நாலு வருஷம் இருந்துவிட்டு, அப்பனுக்க ரப்பர் விளையைப் பார்த்துக்கொள்ள வந்தவர்கள். அவர்கள் ‘எனக்க விளை’ என்று சொல்லும் ‘எனக்க’வில் அறியாமை ஒரு துளியும் இல்லை.

‘ழ’வைப் பற்றி யாராவது கேட்பீர்கள் என்று தெரியும், முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். தெற்கில் அது பெரும்பாலும் ‘ள’ ஆகிவிடும், சென்னையில் ‘ய’ ஆகும். நம் பக்கத்தில் மலையாளமும் பேசும் வீடுகளில் ‘ழ’ நிமிர்ந்து நிற்கும், அடுத்த வீட்டில் கிழவன் ‘கெளவன்’ ஆவான். தமிழின் சிறப்பு என்று மேடைகளில் கொண்டாடப்படும் ஒலியைப் பள்ளிக்கூடம் பார்க்காத கிழவி பிசகாமல் சொல்வதை நான் இங்கே கேட்டிருக்கிறேன். படித்து மேலே வந்தவர்கள் மைக்கைப் பிடித்ததும் ‘மக்கழ்’, ‘உங்கழ்’ என்று தேவையில்லாத இடத்திலும் அதை ஒட்டவைப்பதையும் கேட்டிருக்கிறேன். நியூயார்க்கிலும் இப்படித்தான். கவனமாகப் பேசச் சொன்னால், மேல்தட்டை எட்டிப்பிடிக்கத் தவிக்கும் கீழ்நடுத்தரக்காரர்கள் மேல்தட்டையே மிஞ்சிவிட்டார்கள். அந்த மிஞ்சலுக்குள் இருக்கும் பயத்தைக் கேட்டால் எனக்கு நெஞ்சு கனக்கும்.

பயம் என்றேன். அதன் விலை சில இடங்களில் அதிகம். வயதான ஒரு அம்மையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தேன். வழியெல்லாம் தன்னுடைய தீனத்தைப் பற்றி, எங்கே பிடிக்கிறது, எப்போது விடுகிறது, எப்படிப் படர்கிறது என்று விலாவாரியாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். வெளியூரிலிருந்து வந்த இளம் டாக்டர் எதிரில் உட்கார்ந்ததும் ‘வயிறு வலிக்கு’ என்ற இரண்டு சொல்லோடு நிறுத்திவிட்டாள். டாக்டர் நல்ல பையன், பொறுமையாகத்தான் கேட்டார். அவளுக்குத் தன் சொற்கள் அந்த அறைக்குப் பொருந்தாது என்று தோன்றிவிட்டது. அவளுடைய வேதனையின் பாதி வெளியே பெஞ்சிலேயே தங்கிவிட்டது. மொழியியல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இந்தப் பெஞ்சைத்தான் காட்டுவேன்.

இன்னொரு பக்கம், பேச்சு தாயிடமிருந்து மட்டும் வருவதல்ல, கூட விளையாடும் பிள்ளைகளிடமிருந்தும் வருகிறது. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து திரும்பியவர்களில் பலருக்கு இங்கே அரசு ரப்பர் தோட்டங்களில் வேலை கொடுத்தார்கள். அவர்கள் வந்தபோது தேயிலைத் தோட்டத் தமிழ் பேசினார்கள். அதற்கும் முன்பு அவர்களுடைய முன்னோர் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்துப் பேச்சைக் கடல்தாண்டிக் கொண்டுபோயிருந்தார்கள். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ‘எனக்க’, ‘அவனுக்க’ என்று நம்மைப் போலவே பேசுவதைக் கேட்கிறேன். யாரும் வகுப்பெடுக்கவில்லை. சேர்ந்து பந்து விளையாடினார்கள், அவ்வளவே. மலைமேல் இருக்கும் காணிமக்களின் பேச்சைப் பற்றித் தனியாக ஒருநாள் பேச வேண்டும், அவர்களில் ஒருவரே வந்து பேசினால் இன்னும் நல்லது.

குலசேகரத்தை நாஞ்சில்நாடு என்று சேர்த்துச் சொல்கிறார்கள். சரியாகச் சொன்னால் நாஞ்சில்நாடு தோவாளையும் அகஸ்தீஸ்வரமும்தான். நாம் பழைய கல்குளம் தாலுகாக்காரர்கள், பழைய வேணாடு. அங்கே ‘சொல்லுகேன்’ என்பார்கள், இங்கே ‘செல்லுதேன்’ என்று காதில் விழும். வெளியூர்க்காரருக்கு எல்லாம் ஒன்றுதான், ‘நாகர்கோவில் பாஷை’. சினிமாவில் அதைச் சிரிப்புக்கு வைப்பார்கள். இலக்கியம் அப்படிச் செய்யவில்லை. ஹெப்சிபா ஜேசுதாசன் 1964-ல் ‘புத்தம் வீடு’ எழுதினார், பனையேறிகளின் வீட்டுப் பேச்சு தமிழ் நாவலுக்குள் மதிப்போடு வந்தது. நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ 1968-ல் இரணியல் பேச்சைக் கொண்டுவந்தது. தோப்பில் முஹம்மது மீரான் தேங்காப்பட்டணத்துக் கடலோர இஸ்லாமியரின் பேச்சில் எழுதினார். நம் பக்கத்து ஜெயமோகன் 1990-ல் ‘ரப்பர்’ என்ற நாவலோடு வந்தார். எழுத்தில் வந்ததெல்லாம் சொல்லும் இலக்கணமும். ஒலி முழுதாக வரவில்லை. வரவும் வராது, நமது எழுத்துமுறையில் அதற்கு இடம் குறைவு. ‘தேங்ஙா’ என்று ஒருவர் எழுதினால் அச்சுக் கோப்பவர் பிழை என்று திருத்திவிடுவார். அதனால் காதால் கேட்டுப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. இந்தப் பின்வரிசை இருக்கும்போதே செய்ய வேண்டியிருக்கிறது.

மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். செல்போன் எல்லாரிடமும் இருக்கிறது, ஆனால் இதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நியூயார்க் கடைக்குப் பதிலாக நமது சந்தை. மூன்று இடம் தேர்ந்தெடுங்கள்: தரையில் சாக்கு விரித்துக் காய் விற்பவர், பெட்டிக்கடை, கண்ணாடிக் கதவு போட்ட சூப்பர் மார்க்கெட். தேங்காயைக் கையால் காட்டி ‘இது என்ன?’ என்று மட்டும் கேளுங்கள். அந்தச் சொல்லை நீங்கள் முதலில் சொல்லிவிடாதீர்கள், சொன்னால் உங்கள் ஒலியை அவர் திருப்பித் தருவார். பதில் வந்ததும், காது கேட்காததுபோல் இன்னொரு தடவை கேளுங்கள். முதல் தடவை என்ன ஒலி, இரண்டாம் தடவை என்ன ஒலி, ஆள் ஆணா, பெண்ணா, ஏறக்குறைய என்ன வயது என்பதைக் கடையை விட்டு வெளியே வந்து எழுதிக்கொள்ளுங்கள். பேரை எழுத வேண்டாம். ஐந்து வருஷம் கழித்து உங்கள் தம்பி தங்கைகள் அதே மூன்று இடத்துக்குப் போகட்டும்.

சந்தைக்குப் போவதற்கு முன்னால் வீட்டில் ஒரு தடவை செய்து பாருங்கள். மத்தியானம் பாட்டி சாப்பிட்டு முடித்து, காலை நீட்டி உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் போய் இருங்கள். என்ன குடித்தாள் என்று சும்மா கேளுங்கள். நோட்டையும் பேனாவையும் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பேனாவைக் கண்டால் அவள் ‘கஞ்சி’ என்று சொல்லிவிடுவாள்.